ரிவர்ஸ் பெவல்: வெள்ளைக் கோடு தெரியாமல் மவுண்ட் வெட்டுவது எப்படி?

மவுண்ட் என்பது பிரேமுக்குள் படத்தின்மேல் வைக்கும், நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை. அந்த ஜன்னலின் ஓரத்தைச் சாய்வாக வெட்டுவதுதான் பெவல். அதைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "சாதாரண 45 டிகிரி பெவல் எனக்கு நன்றாகவே வருகிறது. கறுப்பு மவுண்ட் போடும்போது ஜன்னலைச் சுற்றி வெள்ளைக் கோடு கண்ணை உறுத்துகிறது என்று ரிவர்ஸ் பெவல் வெட்டிப் பார்த்தேன். நான்கு மூலைகளிலும் முன்பக்கத்தில் கீறல் விழுந்துவிடுகிறது. ஜன்னலும் குறித்த அளவைவிடச் சின்னதாக வருகிறது. பெரிய மெஷின் இல்லாமல், கையில் பிடித்து ஓட்டும் கட்டரிலேயே இதைச் சரியாகச் செய்ய முடியுமா?"

முடியும். மூலைக் கீறல், சின்ன ஜன்னல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் பென்சில் கோடு போடும் வேலை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண பெவல் வெட்டிய மவுண்டைக் கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள். ஜன்னல், வாய் அகன்ற பக்கம் நம்மைப் பார்த்திருக்கும் புனல் போல இருக்கும். முன்பக்கத்தில் ஜன்னல் பெரியது, பின்பக்கத்தில் சிறியது. அந்தச் சரிவில்தான் உள்ளட்டையின் வெள்ளை தெரிகிறது. ரிவர்ஸ் பெவலில் அதே புனலைக் கவிழ்த்து வைக்கிறோம். இப்போது முன்பக்கத்தில் ஜன்னல் சிறியது, பின்பக்கத்தில் பெரியது. சரிவு படத்தைப் பார்த்தபடி உள்ளே ஒளிந்துகொள்கிறது. மேல்தாளின் நிறம் ஜன்னல் விளிம்பு வரை வந்து நின்றுவிடுகிறது.

இனி மூலைக்கு வாருங்கள். இரண்டு சரிவுகள் சந்திக்கும் இடம் ஒரு புள்ளி இல்லை. அட்டையின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குக் குறுக்காகப் போகும் ஒரு கோடு. சாதாரண மவுண்ட் அட்டையின் தடிமன் சுமார் 1.4 மி.மீ. 45 டிகிரியில் வெட்டினால் முன்பக்க மூலையும் பின்பக்க மூலையும் இரு திசைகளிலும் அதே 1.4 மி.மீ. விலகி நிற்கும். பெரிய ஜன்னல் இருக்கும் பக்கத்தின் மூலைவரை பிளேடு போனால்தான் நடுத்துண்டு கழன்று விழும். அப்படிப் போகும்போது சிறிய ஜன்னல் இருக்கும் பக்கத்தில் பிளேடு மூலையைத் தாண்டிவிடும். சாதாரண பெவலில் சிறிய ஜன்னல் பின்பக்கத்தில் இருப்பதால் அந்தக் கீறல் யார் கண்ணுக்கும் படாது. நாமெல்லாம் கொஞ்சம் தாண்டி வெட்டு என்று கற்றுக்கொண்டது அந்தப் பாதுகாப்பை நம்பித்தான். ரிவர்ஸில் சிறிய ஜன்னல் முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. பழைய பழக்கத்தோடு தாண்டி வெட்டினால் கீறல் முகத்தில் விழாமல் என்ன செய்யும்? உங்கள் கை பிசகவில்லை. கைக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இந்த வேலைக்குப் பொருந்தவில்லை.

ஜன்னல் சின்னதாக வருவதும் இதனால்தான். பின்பக்கத்தில் கோடு போட்டு அந்தக் கோட்டிலேயே வெட்டுகிறீர்கள். ரிவர்ஸில் பிளேடு நுனி ஜன்னலுக்குள் சாய்ந்து முன்பக்கத்தில் வெளிவருவதால், ஒவ்வொரு பக்கமும் 1.4 மி.மீ. குறையும். அகலத்தில் 2.8, உயரத்தில் 2.8. படத்தின் ஓரத்தில் 3 மி.மீ. மட்டும் மறைய வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தால், ஓவியரின் கையெழுத்தே மறைந்துபோகும் அளவு இது.

வேலையைத் தொடங்குமுன் உங்கள் கட்டரின் பிளேடு நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சில கட்டர்களில் நுனி ஸ்கேலுக்கு அடியில் போகும். சிலவற்றில் ஸ்கேலை விட்டு வெளியே போகும். நுனி ஸ்கேலுக்கு அடியில் போகும் வகையை வைத்து இங்கே சொல்கிறேன். பலகையோடு சேர்ந்து வரும் நேர்க்கோட்டுக் கட்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். மற்ற வகை உங்களிடம் இருந்தால் ஸ்கேல் வைக்கும் பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, ஜன்னலைச் சுற்றி நிற்கும் கரைப்பகுதி ஸ்கேலுக்கு அடியில் இருக்கும்படி வெட்டினால் சாதாரண பெவல். அதே கட்டர், அதே பிளேடு. நடுத்துண்டு ஸ்கேலுக்கு அடியிலும் கரை வெளியிலும் இருக்கும்படி வெட்டினால் ரிவர்ஸ் பெவல். இன்னொரு வழியும் உண்டு. அட்டையை நிமிர்த்திப் போட்டு, கரையை ஸ்கேலுக்கு அடியில் வைத்து முன்பக்கத்திலிருந்தே வெட்டலாம். அளவில் திருத்தம் தேவைப்படாது, மூலையும் கண்ணெதிரே தெரியும். ஆனாலும் எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை. மேல்தாளில் ஸ்கேலின் அழுத்தம் பளபளப்பாகப் பதிந்துவிடும், பென்சில் கோட்டை அழித்தால் அந்த இடம் தேய்ந்துபோகும். கறுப்பு அட்டையில் இரண்டும் பளிச்சென்று தெரியும். மிகச் சிறிய ஜன்னல்களுக்கு மட்டும் அப்படி வெட்டுவேன், அதுவும் ஸ்கேலுக்கு அடியில் சுத்தமான தாள் ஒன்றை வைத்துத்தான்.

பின்பக்கத்திலிருந்து வெட்டுவதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை இரட்டைச் செவ்வகம். முன்பக்கத்தில் 290 × 390 மி.மீ. ஜன்னல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அட்டையின் பின்பக்கத்தில் முதலில் அதே 290 × 390 செவ்வகத்தைக் கூர்மையான பென்சிலால் வரையுங்கள். அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 1.4 மி.மீ. தள்ளி இன்னொரு செவ்வகம். அதன் அளவு 292.8 × 392.8, ஸ்கேலில் 293 × 393 என்று எடுத்துக்கொண்டால் போதும். கோடுகளை மூலையைத் தாண்டி நீட்டிப் போடுங்கள், வெட்டும்போது அவைதான் வழிகாட்டி. வெளிச் செவ்வகத்தின் மேல் பிளேடு ஓட வேண்டும். எங்கே குத்தித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை உள் செவ்வகம் சொல்லும். அதாவது மேல் விளிம்பை வெட்டும்போது வெளிச் செவ்வகத்தின் மேல் கோட்டில் கட்டர் ஓடும். உள் செவ்வகத்தின் இடக்கோடு குறுக்கே வரும் இடத்தில் பிளேடு இறங்கி, வலக்கோடு வரும் இடத்தில் நிற்க வேண்டும். வெளி மூலைவரை போகவே கூடாது. போனால் அந்தக் கீறல் முகத்தில்தான் விழும்.

1.4 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் தடிமனும் சற்று மாறும், எல்லாக் கட்டரும் துல்லியமாக 45 டிகிரியில் நிற்பதும் இல்லை. வெட்டப்போகும் அட்டையிலேயே ஒரு கழிவுத் துண்டை எடுத்து, நீளவாக்கில் ஒரு பெவல் வெட்டி, அந்தத் துண்டின் அகலத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அதுதான் உங்கள் கட்டருக்கும் அந்த அட்டைக்கும் கோட்டைத் தள்ளிப் போட வேண்டிய அளவு. இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். புது அட்டை வாங்கும் ஒவ்வொரு முறையும் இன்றுவரை செய்கிறேன்.

நான்கு பக்கமும் வெட்டி முடித்ததும் நடுத்துண்டு விழாது. விழக் கூடாது. மூலைகளில் பின்பக்கமாக 1.4 மி.மீ. அளவுக்குச் சிறிய திசு போலக் கொஞ்சம் அட்டை பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து நடுத்துண்டை அமுக்கித் தள்ளுகிறார்கள். தள்ளினால் மேல்தாள் மூலையில் கிழிந்து வெள்ளை வெளியே வந்துவிடும். மெல்லிய ஷேவிங் பிளேடு ஒன்றை எடுங்கள். பின்பக்கத்திலிருந்து, ஏற்கெனவே வெட்டிய சரிவிலேயே படுக்கவைத்து, வெளி மூலைவரை மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். ஒரு மூலைக்கு இரண்டு அசைவு, ஒவ்வொரு சரிவுக்கும் ஒன்று. வெட்டுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் வழியில் பிளேடை நுழைத்துவிடுவது என்று நினைத்துக்கொண்டால் கை சரியாக அமையும். நடுத்துண்டு தானாகக் கழன்று வரும்.

பிளேடு இறங்கும் இடம் முதல் மவுண்டிலேயே சரியாக அமையாது. பிளேடின் வெட்டும் முனை சாய்ந்திருப்பதால், நாம் பின்பக்கத்தில் பார்க்கும் இடமும் நுனி முன்பக்கத்தில் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. தொடங்கும் முனையில் ஒரு வித்தியாசம், நிறுத்தும் முனையில் வேறு வித்தியாசம். 8 × 8 செ.மீ. அளவில் கழிவு அட்டையில் இரண்டு மூன்று ஜன்னல் வெட்டிப் பாருங்கள். முன்பக்கத்தில் கீறல் தாண்டியிருந்தால் அந்த முனையில் அரை மி.மீ. பின்வாங்குங்கள்; மேல்தாள் வெட்டுப்படாமல் நின்றிருந்தால் அரை மி.மீ. முன்னே போங்கள். சந்தேகம் வந்தால் குறைவாக வெட்டுவதே நல்லது. வெட்டாமல் விட்டதைப் பிறகு வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

பிளேடு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். சாதாரண பெவலில் விளிம்பு விரிகோணமாக இருப்பதால் கொஞ்சம் மழுங்கிய பிளேடும் சமாளித்துவிடும். ரிவர்ஸில் முன்பக்க விளிம்பு 45 டிகிரி கூர்முனை. மேல்தாளுக்குக் கீழே ஓரத்தில் அட்டையே கிட்டத்தட்ட இல்லை. பிளேடு மழுங்கியிருந்தால் அந்தத் தாள் பிசிறு பிசிறாக நிற்கும். ஒவ்வொரு மவுண்டுக்கும் புது பிளேடு போடுகிறேன். மவுண்ட் பிளேடுகள் 0.3 மி.மீ. தடிமனிலும் 0.38 மி.மீ. தடிமனிலும் கிடைக்கும். மெல்லியது சுத்தமாக வெட்டும், ஆனால் தொடங்கும் இடத்தில் வளைந்து கொக்கி போல ஒரு சிறு வளைவை விடும். தடித்தது அவ்வளவாக வளையாது. நீளமான வெட்டுகளுக்குத் தடித்ததையே விரும்புகிறேன். அட்டைக்கு அடியில் எப்போதும் இன்னொரு கழிவு அட்டை இருக்கட்டும். பிளேடு மவுண்டைக் கடந்து அந்த அடி அட்டையில் லேசாகக் கோடு போடும் ஆழம் போதும். அதிகம் இறங்கினால் வளைவும் அதிகமாகும். முந்தைய வெட்டுத் தடத்தில் பிளேடு சிக்கினால் கோடு ஓடிவிடும் என்பதால், அடி அட்டையை அவ்வப்போது நகர்த்துங்கள்.

சென்னை மாதிரி ஊரில் மழைக்காலத்தில் அட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு மெத்தென்று ஆகிவிடும். அந்த நிலையில் நல்ல பிளேடு போட்டாலும் இழை இழையாகத்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்ட வேண்டிய அட்டையை ஒரு நாள் முன்னதாகவே ஏ.சி. அறையில் சமமான பலகைமேல் பாரம் வைத்துக் கிடத்திவிடுங்கள். சுவரோடு சாய்த்து நிறுத்தி வைத்த அட்டை வளைந்துவிடும். வளைந்த அட்டையில் பிளேடின் ஆழம் ஒரே சீராக இருக்காது.

பிசிறு கொஞ்சம் நின்றுவிட்டால் உப்புத்தாளை முன்பக்கம் கொண்டுபோகாதீர்கள். நுண்ணிய 400 ஆம் எண் தாளைச் சிறு மரத்துண்டில் சுற்றி, பின்பக்கச் சரிவில் மட்டும், உள்ளிருந்து பின்னோக்கி இரண்டு தடவை இழுத்தால் போதும். மூலையில் கீறல் விழுந்தேவிட்டது என்றால், மெல்லிய தாள் ஒன்றை மேலே வைத்து நகத்தாலோ, புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் எலும்புச் சீவலாலோ வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். மெல்லிய கீறல் பாதிக்கு மேல் அடங்கிவிடும். கறுப்பு அட்டையில் கறுப்புப் பேனாவால் பூசுவது தவறு. மையின் பளபளப்பு வேறு, தாளின் நிறம் வேறு. வெளிச்சம் சாய்வாக விழும்போது அது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

இவ்வளவு பாடுபடுவது எப்போது தகும் என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பு மவுண்டில் வெள்ளைக் கோடு வேண்டாம் என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால், உள்ளட்டையும் கறுப்பாகவே இருக்கும் மவுண்ட் போர்டு கிடைக்கிறது. அதில் சாதாரண பெவல் வெட்டினாலே சரிவும் கறுப்பாக இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரே ஒரு படத்துக்கு அதுவே எளிது. வெளிர் நிற மவுண்டுக்கு ரிவர்ஸ் பெவல் போடச் சொல்லமாட்டேன். அந்தச் சரிவில் வெளிச்சம் பட்டு எழும் மெல்லிய கோடுதான் படத்துக்கு ஆழம் கொடுக்கிறது, அதை எடுத்துவிட்டால் அட்டை தட்டையாகிவிடும். 3 மி.மீ. தடிமனுள்ள அட்டையை வாங்குவதே அந்த அகலமான சரிவுக்காகத்தான். அதைக் கவிழ்த்து மறைப்பது காசைக் கரியாக்குவது.

இரட்டை மவுண்டில் இது நன்றாகப் பொருந்தும். இரண்டு சாதாரண பெவல் ஒன்றுக்குள் ஒன்றாக வந்தால் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டி போடும். மேல் அட்டையை ரிவர்ஸாகவும் அடி அட்டையைச் சாதாரணமாகவும் வெட்டினால் படத்தை ஒட்டி ஒரே கோடு நிற்கும். ஜன்னலுக்குள் மரத்தாலான மெல்லிய தங்க நிறப் பட்டை பொருத்தும்போதும் அப்படித்தான். சாதாரண பெவலில் பட்டைக்கும் மவுண்டுக்கும் நடுவே வெள்ளைப் பள்ளம் தெரியும், ரிவர்ஸில் நிறம் நேராகப் பட்டையில் போய் முட்டும்.

ஆனால் ரிவர்ஸ் பெவல் இல்லாமல் நான் செய்யவே மாட்டேன் என்று சொல்லும் வேலை ஒன்று உண்டு: பாஸ்டல் ஓவியங்கள். பாஸ்டல் என்பது நிறத்தூளை மிகக் குறைவான பசையால் கட்டி வைத்த குச்சி. தாளில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைவிட, தாளின் சொரசொரப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம். சுவரில் மாட்டிய பிறகு கதவு அறைந்து சாத்தப்படும்போதும் ஆணியைச் சரிசெய்யும்போதும் கொஞ்சம் தூள் உதிரும். சாதாரண பெவல் போட்டிருந்தால் கீழ்க்கரையின் சரிவு அந்தத் தூளை அலமாரி போல ஏந்திக்கொள்ளும். வெள்ளைச் சரிவில் நீலமும் சிவப்பும் படிந்து, வாங்கியவர் ஆறு மாதத்தில் பிரேமைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். எனக்கு அப்படி வந்திருக்கிறது. ஒரு பெண்மணி தன் அம்மாவின் முகத்தைப் பாஸ்டலில் வரைந்து என்னிடம் கொடுத்திருந்தார். புடவையின் மெரூன் நிறம் முழுவதும் கீழ்ச் சரிவில் பூத்தூவிய மாதிரி கிடந்தது. பிரேமைப் பிரித்து, மவுண்டை மாற்றி, அவரிடம் பணம் வாங்காமல் கொடுத்தேன். அதற்குப் பிறகு பாஸ்டலுக்குச் சாதாரண பெவல் போட்டதில்லை.

ரிவர்ஸில் விளிம்பு படத்திலிருந்து 1.4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, அதற்கு அடியில் சரிவு பின்னால் விலகிப்போகிறது. உதிரும் தூள் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிடும். இறங்குவதற்கு இன்னும் இடம் கொடுக்க, மவுண்டின் பின்பக்கத்தில் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள பட்டைகளை, ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி ஒட்டிவிடுங்கள். படத்துக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கிடைக்கும். தூள் அதில் போய்ச் சேரும், வெளியே தெரியாது. அந்தப் பட்டைக்கு நம் கடைகளில் சட்டென்று கிடைக்கும் சன்போர்டை எடுக்க வேண்டாம். அது பி.வி.சி.; காலப்போக்கில் அமில வாயுவைக் கக்கும். அமிலமில்லாத மவுண்ட் அட்டையையே கீற்றுகளாக வெட்டி இரண்டு மூன்று அடுக்கு ஒட்டினால் போதும். முன்னால் கண்ணாடிதான் போட வேண்டும். அக்ரிலிக் தகடு துடைக்கத் துடைக்க நிலைமின்னேற்றம் ஏறி, நிறத்தூளைத் தாளிலிருந்து தன் பக்கம் இழுத்துவிடும். லேசாக இருக்கிறது, கூரியரில் உடையாது என்று பலர் அக்ரிலிக் கேட்பார்கள். பாஸ்டல் என்றால் மறுத்துவிடுங்கள்.

அட்டையின் தரம் பற்றி ஒரு வார்த்தை. ரிவர்ஸ் பெவலில் உள்ளட்டை கண்ணுக்குத் தெரியாது என்பதால் மலிவான அட்டை போதும் என்று நினைக்கத் தோன்றும். நேர் எதிராகத்தான் யோசிக்க வேண்டும். மறைந்திருக்கும் அந்த வெட்டுமுகம் இப்போது படத்தையே பார்த்தபடி இருக்கிறது. மரக்கூழில் செய்த சாதாரண அட்டை வருடங்கள் போகப் போக அமிலத்தன்மை கூடி, படத்தில் ஜன்னலின் விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு போடும். பழைய அச்சுப் படங்களைப் பிரேமிலிருந்து எடுத்தால் அந்தக் கோட்டைப் பெரும்பாலும் பார்க்கலாம். சாதாரண பெவலில் உள்ளட்டை மஞ்சளாவதை வைத்தாவது நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். ரிவர்ஸில் அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பருத்திக்கூழ் அட்டையோ, அமிலம் நீக்கிக் கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டையோதான் எடுக்க வேண்டும்.

வெட்டி எடுத்த நடுத்துண்டை எறிந்துவிடாதீர்கள். ஜன்னல் ரிவர்ஸ் என்றால், அந்தத் துண்டின் நான்கு பக்கமும் நம்மைப் பார்க்கும் சரிவோடு சாதாரண பெவலாக இருக்கும். கையால் செய்த தாளில் வரைந்த சிறு படத்தை, தாளின் கிழிந்த ஓரமும் தெரியும்படி அந்தத் துண்டின்மேல் ஒட்டி எழுப்பி வைக்கலாம். தனியாக வெட்டினால் கிடைக்காத சுத்தமான மேடை அது.

பிரேமை மூடுவதற்கு முன் மவுண்டின் விளிம்பைத் துடைக்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். தூரிகையை ஜன்னலின் நடுவிலிருந்து கரையை நோக்கித் தள்ளினால் அந்தக் கூர்முனைத் தாள் மயிர் போல நிமிர்ந்துவிடும். கரையிலிருந்து ஜன்னலை நோக்கி, மென்மையான தூரிகையால் ஒரே போக்கில் துடைத்து, தூசி படத்தின்மேல் விழாதபடி மவுண்டைத் தனியாகக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அதன் பிறகு படத்தின்மேல் வையுங்கள்.